வீட்டில் வாசிக்கச் சொன்ன பாடம்

சுகாதாரப் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கும். கட்டிளமைப் பருவம், இனப்பெருக்கத் தொகுதி என்று தலைப்புப் போட்டிருக்கும். அது வருகிற கிழமை வகுப்பில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். ரீச்சர் படத்தைக் காட்டாமலே பக்கத்தைப் பிரட்டுவார். "இதை வீட்டில வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்பார். அடுத்த பாடம் போசாக்கு. இலங்கையில் தமிழில் படித்த எங்களில் கனபேருக்கு இது புதுக்கதை இல்லை.

வீட்டில் யாரிடம் கேட்பது என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டால் "உது இப்ப உனக்குத் தேவையோ?" என்பார். அப்பாவிடம் கேட்கிற பேச்சே இல்லை. கடைசியில் பெடியள் போனில் பார்த்ததை வைத்து விளங்கிக்கொள்ளுவாங்கள், பெட்டையள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளுவாளவை. பாதி சரி, பாதி பிழை.

இதை எங்கள் ரீச்சர்மாரின் கூச்சம் என்று முடித்துவிடலாம். ஆனால் பின்னுக்குப் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த நாட்டில் உடலைப் பற்றிய அறிவு மக்களிடம் கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு முறையும் அது பிள்ளைக்காக வரவில்லை. புழுவுக்காக வந்தது, சனத்தொகைக்காக வந்தது, எயிட்சுக்காக வந்தது. பிள்ளைக்கு எந்த வயதில் எது தேவை என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் பின்வாங்கிலேயே இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

தமிழில் சொல் இருந்தது

"இதையெல்லாம் தமிழில எப்படிச் சொல்லுறது?" என்று சிலர் கேட்பார்கள். அதனால் சொல்லில் இருந்தே தொடங்குவோம்.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்ததோடு உள்ளூர்ப் பெடியன்களுக்கு மேலைத்தேய மருத்துவமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தார், பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலேயே இருந்து ஊரைப் பார்ப்பார்கள் என்பது அவர் நினைப்பு. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார்.

அதற்காக அவரும் மாணவர்களும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்கள். 1850களில் வந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ அதில் ஒன்று. தலைப்பை ஒரே மூச்சில் வாசிப்பது கஷ்டம்தான். அங்காதிபாதம் என்றால் உடற்கூறு, சுகரணம் என்றால் உடற்றொழில், உற்பாலனம் என்றால் உடலைப் பேணுவது. மூலநூலை எழுதிய கல்வின் கட்டர் அதைக் கல்லூரிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்றுதான் எழுதியிருந்தார். அதே பத்தாண்டில் ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூலும் தமிழில் வந்தது. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளியானது.

அதாவது கருப்பை, பிரசவம், உடலுறுப்புகள் பற்றித் தமிழில் அச்சில் எழுதி 165 வருஷத்துக்கு மேலாகிறது. சொற்கள் மானிப்பாயிலேயே கிடந்தன. ஆனால் அவை வைத்தியர்களின் சொற்களாகவே இருந்துவிட்டன. பள்ளிக்கூட வாங்கிலில் இருந்த பிள்ளைக்கு "அந்த இடம்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. மாதவிடாய்க்கு "சுகமில்லை", "வீட்டுக்குத் தூரம்" என்று இரண்டு பெயர். இரண்டிலும் உடல் எங்கேயும் இல்லை.

ஊருக்குச் சொல்லுவோம், பிள்ளைக்குச் சொல்லமாட்டோம்

வீட்டுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். எங்கள் சமூகம் இந்த விஷயத்தை மூடி மறைக்கிற சமூகம் என்று சொல்லிவிட முடியாது. சாமத்திய வீட்டை யோசித்துப் பாருங்கோ. ஒரு பெட்டை பெரியபிள்ளையானால் மாமிமார் வருவினம், தண்ணி வார்ப்பினம், முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் குடுப்பினம். பிறகு மண்டபம் எடுத்து, அட்டை அடித்து, வீடியோக்காரரையும் பிடித்து ஊருக்கே சொல்லுவினம். உலகத்தில் எத்தனை சமூகம் மாதவிடாய்க்கு அழைப்பிதழ் அடிக்கிறது?

ஆனால் நடுவில் இருக்கிற பிள்ளையிடம் யாராவது இருந்து, உன் உடம்பில் என்ன நடக்குது, ஏன் மாசாமாசம் வரும், எவ்வளவு இரத்தம் போனால் டொக்டரிடம் போகவேண்டும் என்று சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை. "இனிப் பெடியளோட விளையாடப் போகக்கூடாது", "கோயிலுக்கு வராதை", "அங்க தொடாதை" என்ற சட்டங்கள்தான் கிடைக்கும். அதே வீட்டில் இருக்கிற தம்பிக்கு அதுவும் கிடைக்காது. அக்கா ஏன் மூலையில் இருக்கிறா என்று கேட்டால் "காகம் தொட்டிட்டுது" என்று ஒரு பதில் வரும்.

இதைச் சடங்கை ஏளனம் செய்வதற்காக எழுதவில்லை. அந்த உளுத்தங்களிக்குப் பின்னால் பிள்ளையின் உடம்பைப் பற்றிய அக்கறை இருக்கிறது. அதோடு சேர்த்து விளக்கமும் கிடைத்திருந்தால் எங்கள் அம்மாமாரின் தலைமுறைக்கு எவ்வளவு பயம் குறைந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறோம்.

புழுவில் இருந்து தொடக்கம்

அரசும் பெரிய நிறுவனங்களும் நாட்டு மக்களுக்குச் சுகாதாரம் படிப்பிக்க இறங்கிய கதை தேயிலைத் தோட்டத்தில் இருந்து வருகிறது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியம் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலோடு வேலை செய்த மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் இரத்தத்தை அந்தப் புழு உறிஞ்சியது. மருந்து குடுத்தார்கள், மலசலகூடம் கட்டச் சொன்னார்கள். தொழிலாளி சோர்ந்தால் கொழுந்து குறையும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

மருந்து குடுத்தாலும் புழு திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுதான் சிகிச்சையை விட நோய் வராமல் தடுப்பது முக்கியம் என்று விளங்கியது. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டது, ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது இதுதான். இன்றைக்கு நாங்கள் பி.எச்.ஐ. என்று கூப்பிடுகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வீட்டுக்கு வந்து கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தரும் இயங்குகிற ஒழுங்கு அங்கே இருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. இலங்கையில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார் இவ்வளவு குறைந்ததற்கு இந்த ஒழுங்கு ஒரு பெரிய காரணம்.

இதே காலத்தில் பள்ளிக்கூடத்துக்கான சுகாதார நூல்களை எழுதிய ஒரு பெண்ணை எங்கள் வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. டொக்டர் மேரி இரட்ணம் கனடாவில் பிறந்தவர். 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணம் முடித்ததால் மிஷன் அவரை ஏற்கவில்லை. கொழும்பில் இருந்து பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1909இல் தமிழ் மாதர் சங்கம் உருவானதிலும், 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுந்த சங்கத்திலும், பிறகு லங்கா மகிள சமித்தியிலும் அவருடைய கை இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குச் சுகாதாரக் கைநூலும் மனையியல் கைநூலும் எழுதினார். 1958இல் மக்சைசாய் விருது அவருக்குக் கிடைத்தது. வாக்கு, கிராமத்துப் பெண்ணின் வருமானம், கர்ப்பம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒருவரே தொட்டிருக்கிறார். ஆனால் பின்வந்த பாடத்திட்டங்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுவிட்டன.

எண்ணிக்கை பிரச்சினையானபோது

1946இல் நாட்டின் சனத்தொகை 66 இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட. மலேரியாவுக்கு எதிராக டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய அந்தக் காலத்தில், 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருஷமே 14 ஆக விழுந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள், சனத்தொகை ஏறியது. 1963 கணக்கெடுப்பில் அது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

அரிசி மானியமும் இலவசக் கல்வியும் குடுக்கிற அரசுக்கு இந்த எண்ணிக்கை தலையிடியானது. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் ஆரம்பமானது. அதன் தொடக்கத்தில் மேரி இரட்ணமும் இருந்தார், அப்போது அவருக்கு வயது 80. முதல் சிகிச்சை நிலையத்தை நடத்தியவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மகப்பேற்று வைத்தியர். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? தாய்மார் நல நிலையம். கருத்தடை என்ற சொல்லைப் பலகையில் எழுதவில்லை. 1958இல் சுவீடன் அரசோடு ஒப்பந்தம் வந்தது. 1965இல் அரசு குடும்பத் திட்டத்தைத் தன் சுகாதார சேவைக்குள் எடுத்தது.

பள்ளிக்கூடத்துக்குள் இது 1970களில் நுழைந்தது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் கனிஷ்ட இடைநிலைக்கு ஒரு பொதுப் பாடத்திட்டம் வந்தது, சுகாதாரமும் உடற்கல்வியும் அதில் ஒரு பாடம். அதே பத்தாண்டில் ஐ.நா. நிறுவனங்களின் உதவியோடு ‘சனத்தொகைக் கல்வி’ என்ற ஒன்று பாடங்களுக்குள் செருகப்பட்டது. சமூகக்கல்வியில் வரைபடம் வந்தது, பெரிய குடும்பம் சின்னக் குடும்பம் என்று படம் வந்தது. ஒரு நாட்டில் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று பிள்ளை படித்தது. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பது மட்டும் பாடத்துக்கு வெளியே நின்றது.

எண்ணிக்கை என்று கதைக்கத் தொடங்கினால் இந்த நாட்டில் "யாருடைய எண்ணிக்கை?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். குடும்பத் திட்டம் சிங்களவரின் தொகையைக் குறைக்கும் சதி என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே எழுந்தது. தமிழ்ப் பக்கத்திலும் இதே பயம் வேறு உருவத்தில் இருந்தது. இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பிறகு வருவோம்.

நோய், சட்டம், ஊசி

1987இல் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு பாலியல் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேச அனுமதி கிடைத்தது, ஆனால் பயமுறுத்துகிற தொனியில். மண்டையோட்டுப் படம் போட்ட சுவரொட்டியும், எயிட்ஸ் தினக் கட்டுரைப் போட்டியும் எங்கள் மாமா சித்திமாருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பாலியல் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டதே ஒரு சாவுச் செய்திக்குள்தான்.

1994இல் கெய்ரோவில் 179 அரசுகள் கூடிய மாநாட்டில் இந்தத் திசை மாறியது. எண்ணிக்கையைக் குறைப்பது என்பதை விட்டு, ஒவ்வொரு ஆளின் உரிமையும் நலனும் என்று கதை திரும்பியது. 1998இல் இலங்கையும் சனத்தொகை மற்றும் இனப்பெருக்கச் சுகாதாரக் கொள்கை ஒன்றை ஏற்றது. அதே காலத்தில் சட்டமும் மாறியது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் பெண்பிள்ளை பாலியல் உறவுக்குச் சம்மதம் சொல்லக்கூடிய வயது 12 என்றே நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. 1995இல்தான் அது 16 ஆனது. திருமண வயதும் அதே ஆண்டில் 18 ஆக்கப்பட்டது, ஆனால் முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை.

சட்டம் மாறினால் போதுமா? யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வன்னியில், கட்டாய ஆட்சேர்ப்பில் இருந்து தப்புவதற்காக 18 வயதுக்கு முதலே கலியாணம் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கலியாணங்கள் பல பதிவுசெய்யப்படவில்லை. பிறகு பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. சம்மதம் என்றால் என்ன, பதிவு ஏன் தேவை, எந்த வயதில் எந்த உரிமை என்று எந்தத் தரத்திலும் அவர்களுக்குப் படிப்பிக்கப்பட்டிருக்கவில்லை. யுத்தத்தில் பாடத்தால் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னான வாழ்க்கையில் அந்த அறிவு உதவியிருக்கும்.

இன்னொரு உதாரணம். 2017இல் இருந்து தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற நல்ல ஊசி, அதுவும் இலவசம். அந்த வைரசு பெரும்பாலும் பாலுறவு வழியாகத் தொற்றுவதால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் "புற்றுநோய் வராமல் இருக்க" என்பதோடு விளக்கம் முடிகிறது. கையை நீட்டச் சொல்லுகிறோம், ஏன் என்று முழுதாகச் சொல்லத் தயங்குகிறோம். பெடியன்கள் அந்த நேரம் மைதானத்தில் நிற்பார்கள்.

கொத்துரொட்டிக்குள் இருந்த மாவுக்கட்டி

பாலியல் கல்வி என்றால் காதல், கர்ப்பம், கட்டிளைஞர் பிரச்சினை என்று மட்டும் நினைக்கிறவர்கள் 2018ஐக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார்க்கவேண்டும்.

அந்த வருஷம் பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் ஒரு கட்டி கிடந்தது. சிங்களவரைக் கருவளம் இல்லாமல் ஆக்கும் மாத்திரை என்று கூட்டம் சேர்ந்தது. மிரட்டி ஒத்துக்கொள்ள வைத்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு கிழமைக்குள் கண்டி திகனவில் கலவரம் வெடித்து, மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. திகனவுக்கு உடனடிக் காரணம் வேறு, ஆனால் இந்த வதந்தியும் அந்த நாட்களின் வெறுப்பை ஊதிவிட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாவுக்கட்டி.

சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாகக் கருவளம் இல்லாமல் ஆக்குகிற மாத்திரை ஒன்று மருத்துவத்தில் இல்லை. கருத்தரிப்பு எப்படி நடக்கிறது, கருத்தடை மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒழுங்காகப் படித்த ஒருவருக்கு இதை நம்புவது கஷ்டம். ஆனால் எழுத்தறிவு 90 வீதத்தைத் தாண்டிய ஒரு நாடு இதை நம்பியது.

அடுத்த வருஷமும் அதேதான். 2019 மே மாதத்தில் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் கைதானார். அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் அதற்கு முதல் எத்தனை குடும்பங்கள் முஸ்லிம் வைத்தியர்களிடம் போகப் பயந்தன!

இதைச் சிங்களவரின் அறியாமை என்று சொல்லி நாங்கள் நழுவமுடியாது. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், பெண்களுக்கு முழுமையான சம்மதம் பெறாமல் கையில் கருத்தடை உட்பொருத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இது வதந்தியில் இருந்து வேறுபட்டது, சம்மதம் பற்றிய கேள்வி. அங்கேயும் அடியில் இருப்பது ஒன்றுதான். உட்பொருத்து என்றால் என்ன, எத்தனை வருஷம் வேலை செய்யும், வேண்டாம் என்றால் கழற்றலாமா என்று பள்ளிக்கூடத்திலேயே அறிந்த பெண் அந்த இடத்தில் கேள்வி கேட்பாள், மறுப்பாள். அறியாத பெண்ணிடம் கையெழுத்து மட்டும் வாங்கப்படும்.

இவ்வளவும் நடந்த காலத்தில்தான் கல்வி அமைச்சு தரம் 7 பிள்ளைகளுக்காக ஒரு துணைநூல் தயாரித்தது. ‘ஹத்தே அபே பொத்த’, அதாவது ‘ஏழில் எங்கள் புத்தகம்’. பருவ மாற்றம், பாதுகாப்பு, இனப்பெருக்கச் சுகாதாரம் எல்லாம் 12 வயதுக்கு ஏற்றபடி சொல்ல முயன்ற புத்தகம். 2019-20 காலத்தில் பௌத்த பிக்குகள் உட்படப் பலர் இது கலாசாரத்துக்கு ஒவ்வாது என்று எதிர்த்தார்கள். புத்தகம் நிறுத்தப்பட்டது. மாவுக்கட்டியை நம்பிக் கடையை அடித்த நாடு, மாவுக்கட்டி ஏன் மாத்திரை ஆகாது என்று விளங்க உதவக்கூடிய புத்தகத்தை மூடி வைத்தது.

ஒரே நாளில் சொல்லிமுடிக்கிற விஷயமா?

எதிர்க்கிற பெற்றோரின் பயத்தை நாங்கள் சும்மா தள்ளிவிடவில்லை. "சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லலாமோ?" என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்தான் வயதுக்கு வயது, தரத்துக்குத் தரம் படிப்பிப்பது. கணக்கில் தரம் 1இல் நுண்கணிதம் படிப்பிப்பதில்லை, ஆனால் எண்ணப் படிப்பிக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி 5 தொடக்கம் 18 வரையான வயதை நாலு கட்டமாகப் பிரிக்கிறது. ஒரே விஷயம், உதாரணமாகச் சம்மதம், ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமாக. இப்படிப் படித்த பிள்ளைகள் அவசரப்பட்டு உறவில் இறங்குவதில்லை, தள்ளிப்போடவே செய்கிறார்கள் என்றுதான் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த அந்த வழிகாட்டி சொல்கிறது.

எங்கட சொந்தக்காரப் பிள்ளைகள் கன பேர் படிக்கிற இங்கிலாந்தை எடுங்கோ. அங்கேயும் இது லேசாக வரவில்லை. 1988இல் தச்சர் அரசு, உள்ளூராட்சிச் சபைகள் தன்பாலுறவை ‘ஊக்குவிக்க’ கூடாது என்று ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தது. அது 2003 வரை இருந்தது, பயத்தில் ரீச்சர்மார் வாயே திறக்கவில்லை. 2017இல் வந்த சட்டத்தின்படி, 2020 செப்டெம்பரில் இருந்து ஆரம்பப் பள்ளியில் உறவுக் கல்வியும் இடைநிலையில் உறவும் பாலியலும் சார்ந்த கல்வியும் கட்டாயமாயின. ஆரம்பப் பள்ளியில் நட்பு, குடும்பம், மரியாதை, பாதுகாப்பு என்று தொடங்குகிறது. இடைநிலையில் பாலியல் பகுதியில் இருந்து பிள்ளையை விலக்கக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் 16 வயதுக்கு மூன்று தவணை முதல் பிள்ளையே முடிவெடுக்கலாம். 2019இல் பேர்மிங்காமில் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று எதிர்த்தார்கள். அதற்குப் பிறகும் பாடம் கைவிடப்படவில்லை.

இலங்கையில் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. தரம் 1, 4, 7, 10இல் சுகாதாரத் திணைக்களம் பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்கிறது. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் இருக்கிறது. தரம் 6 தொடக்கம் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடுகிறது. மிகத் தேவையான 15, 16 வயதில், தொகுதியில் வேறு பாடத்தை எடுத்த பிள்ளைக்கு அது நின்றுவிடும். உயர்தரத்தில் சொல்லவே வேண்டாம்.

அப்படியென்றால் எங்கே எது வரவேண்டும்? தரம் 1, 2இல் உடலுறுப்புகளின் சரியான பெயர், எந்தத் தொடுகை பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம் என்ற துணிவு, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம். "அந்த இடம்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளையின் முறைப்பாடு பெரியவர்களின் காதில் விழாமலே போகலாம். தரம் 4, 5இல் மாதவிடாய் பற்றி, அது வருவதற்கு முதலே, பெடியன்களுக்கும் சேர்த்து. தரம் 6இல் அந்த ஊசி ஏன் என்று. தரம் 7, 8இல் நட்பு, ஈர்ப்பு, போனில் படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்தினால் என்ன செய்வது. தரம் 9இல் சம்மதம், 16, 18 என்ற சட்ட வயதுகள். அதற்குப் பிறகு கருத்தடை, பாலியல் தொற்றுகள், 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணப் பதிவு. இதில் ஒன்றுகூட 5 வயதுப் பிள்ளைக்கு 15 வயதின் விஷயத்தைச் சொல்லவில்லை.

ரீச்சர்மாரையும் தனியே விடமுடியாது. படத்தைக் காட்டினால் அடுத்த நாள் பெற்றோர் வந்து சண்டை பிடிப்பார்கள், அதிபர் கைவிரிப்பார் என்று தெரிந்த ஒருவர் "வீட்டில வாசியுங்கோ" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. கல்வியியற் கல்லூரியில் இதற்கென்று பயிற்சி வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் தவணைக்கு ஒரு தடவையாவது வகுப்புக்கு வரவேண்டும். புத்தகம் சிங்களத்தில் எழுதி அவசரத்தில் தமிழாக்கப்படக் கூடாது, தமிழிலேயே எழுதப்படவேண்டும். மானிப்பாயில் 1850களில் முடிந்த வேலை இது, இப்போது முடியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகிற தம்பி, தங்கை, மருமகள் இருப்பினம். இந்தத் தவணை அவர்களின் சுகாதாரப் புத்தகத்தை ஒருக்கால் வாங்கிப் பாருங்கோ. அந்தப் பாடம் வகுப்பில் நடந்ததா என்று கேளுங்கோ. நடக்கவில்லை என்றால், இந்த முறை வீட்டில் வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கோ.